மாடு சினையா, இல்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் பால் சங்கத்தில் கேனோடு வரிசையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: "ஊசி போட்டாச்சுங்க, அப்புறம் கத்தவே இல்ல. சினையாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்." சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி, ஓமலூர், ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். அப்படி விட்ட மாடு ஐந்தாறு மாதம் கழித்துக் காலி என்று தெரியவரும். அதற்குள் பாலும் வற்றியிருக்கும். தின்ற தீவனத்துக்கும் கணக்கு இருக்காது.

மாடு காட்டும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு மூன்று காரணம் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்வது தேதிதான். அதனால் கீழே உள்ளதைப் படிக்கும் முன் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். கடைசியாகக் கன்று ஈன்ற தேதி, கடைசியாகச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட அல்லது காளை சேர்த்த தேதி, அதற்குப் பிறகு பருவத்துக்கு வந்து மாடு கத்தியதோ, பின்பக்கம் வழும்பு (கோழை போன்ற நீர்) அடித்ததோ கண்ணில் பட்ட தேதி. வீட்டு மாதக் காலண்டரில் அந்த நாள் கட்டத்துக்குள் மாட்டின் பெயரை எழுதி வைத்தாலே போதும். பல வீடுகளில் இந்த வேலையைச் செய்வது வீட்டுப் பெண்கள்தான். ஆண்களிடம் கேட்டால் "போன அமாவாசைக்கு முன்னாடி" என்பார்கள், அவர்கள் வீட்டம்மா தேதியைச் சொல்லிவிடுவார். காதில் 12 இலக்கத் தோடு போட்ட மாடாக இருந்தால், ஊசி போட்டவர் அந்த எண்ணில் பதிவு செய்திருப்பார். அவரிடம் கேட்டும் தேதியை எடுத்துக்கொள்ளலாம்.

21 நாள் தாண்டிவிட்டது, மாடு கத்தவில்லை

பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 18 முதல் 24 நாள் வரை முன்பின் இருக்கலாம். சினை பிடித்துவிட்டால் இந்தச் சுற்று நின்றுவிடும். ஆகவே கத்தவில்லை என்பது நல்ல சேதியாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் சினைக்குச் சாட்சி ஆகாது. சினை இல்லாமலேயே மாடு கத்தாமல் இருக்க நான்கு காரணம் உண்டு.

முதல் காரணம், கத்தியது, நாம் பார்க்கவில்லை. பருவ அறிகுறி மொத்தமே 12 முதல் 18 மணி நேரம்தான் நீடிக்கும். அதுவும் பெரும்பாலும் சாயங்காலம் தொடங்கி விடிகாலைக்குள் முடிந்துவிடும். சேலத்து வெயிலில் பங்குனி, சித்திரை மாதங்களில் கலப்பின மாடுகள் பகலெல்லாம் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும், பருவமெல்லாம் ராத்திரிக்குத்தான். ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிரமம். தாவுவதற்கும் தாவவிட்டு நிற்பதற்கும் பக்கத்தில் வேறு மாடே இருக்காது. 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடிகாலை பால் கறக்கும் முன் ஒருமுறை டார்ச் எடுத்துப் போய் மாட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். படுத்திருக்கும் மாட்டின் பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போன்ற வழும்பு தரையில் ஒழுகியிருக்கும். அதைத் தவறவிட்டாலும் மறுநாள் வால் மயிரிலும் தொடையிலும் காய்ந்து, பளபளவென்று ஒட்டிக் கிடக்கும். விரலால் தேய்த்தால் பொருக்கு பொருக்காக உதிரும். சாணம் காய்ந்தால் இப்படிப் பளபளக்காது. அந்தக் காய்ந்த வழும்பைப் பார்த்தால் மாடு சினை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஊமைப் பருவம். உள்ளே சுற்று நடக்கும், வெளியே சத்தம், தாவல் எதுவும் இருக்காது. எருமைகளில் இது சர்வ சாதாரணம். நிறையப் பால் கறக்கும் மாட்டிலும், வெயில் காலத்திலும் பசுக்களுக்கும் வரும்.

மூன்றாவது, சுற்றே நின்றுபோயிருப்பது. தீனி போதாமல், தாது உப்பு இல்லாமல் சினைப்பை தூங்கிவிடும். நம் மாவட்டத்தில் இதற்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி, அதாவது கிழங்குச் சக்கை, மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே தலைப்படி அளந்து போடுவது. திப்பியில் மாவுச்சத்துதான் இருக்கிறது, புரதம் மிகக் குறைவு. வயிறு நிரம்பும், தோல் கூடப் பளபளக்கும், சினைப்பைக்கு வேண்டியது மட்டும் போய்ச் சேராது. திப்பி போடுவது தப்பில்லை. அதோடு புண்ணாக்கு, பசுந்தீவனம், தாது உப்புக் கலவை மூன்றும் சேர வேண்டும்.

நான்காவதுதான் மோசமானது. கர்ப்பப்பையில் சீழ் கோத்து நிற்பது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று உடம்பு ஏமாந்து, சினை மாட்டைப் போலவே பருவத்தை நிறுத்திவிடும். வெளியே சீழ் வடியாமலும் இருக்கும். இந்த மாட்டை வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆக, கத்தவில்லை என்றால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 21ஐச் சுற்றியும் 42ஐச் சுற்றியும் உள்ள நாட்களில் கவனமாகப் பார்த்துவிட்டு, 60 நாள் ஆனதும் டாக்டரிடம் சினைப் பரிசோதனைக்குக் காட்டுவது. இரண்டு சுற்றிலும் ஒன்றும் இல்லையென்றால் நம்பிக்கையோடு காட்டலாம், காட்டாமல் மட்டும் இருக்கக் கூடாது.

மூன்று வாரத்தில் மறுபடி கத்துகிறது

சினை பிடிக்கவில்லை. இதில் யோசிக்க எதுவும் இல்லை. காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். கருமுட்டை வெளிவருவது பருவம் முடிந்து 10, 12 மணி நேரம் கழித்துத்தான். அதனால்தான் இந்தக் கணக்கு.

முறையான இடைவெளியில் மூன்று முறை ஊசி போட்டும் பிடிக்காத மாட்டுக்கு நான்காவது ஊசிக்கு ஆளைக் கூப்பிடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். வழும்பு தெளிவாக இருக்கிறதா, அதில் நூல் நூலாக வெள்ளை ஓடுகிறதா என்று பார்த்துச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். பருவம் இரண்டு நாள், மூன்று நாள் என்று இழுக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த மாட்டுக்கு முட்டை வெளிவரத் தாமதமாகலாம், மறுநாளும் ஓர் ஊசி போட வேண்டியிருக்கும்.

கணக்கில்லாத நாளில் கத்துகிறது

42 நாளையொட்டிக் கத்தினால் நடுவில் ஒரு பருவத்தைத் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். 30, 35 நாளில் கத்தினால் வேறு கதை. சினை பிடித்து, கரு ஆரம்பத்திலேயே அழிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். கடும் வெயில், காய்ச்சல், கர்ப்பப்பை நோய்த்தொற்று என்று காரணம் பல. ஒருமுறை நடந்தால் விட்டுவிடலாம். அதே மாட்டுக்கு மறுபடி நடந்தால் காட்ட வேண்டும்.

எட்டு நாள், பத்து நாளுக்கு ஒருமுறை கத்திக்கொண்டே இருக்கும் மாடும் உண்டு. எந்த நேரமும் மற்ற மாட்டின் மேல் தாவும், வால் அடிப்பக்கம் எலும்பு தூக்கி நிற்கும். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். இதற்கு எத்தனை ஊசி போட்டாலும் ஊசிக் காசுதான் போகும், முதலில் கட்டிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஊசி போட்ட இரண்டாம் நாள் ரத்தம் வந்தது

பதறிப் போய்ப் போன் போடுகிறவர்கள் அதிகம் இதற்குத்தான். "உள்ள குத்திப்புட்டாங்க" என்று ஊசி போட்டவரைத் திட்டுவதும் நடக்கும். பருவம் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வாலிலும் வழும்பிலும் கொஞ்சம் ரத்தம் தெரிவது இயல்பு. இன்னும் ஈனாத கிடேரிகளில் இன்னும் அதிகம் தெரியும். சினை பிடித்தது என்றும் பிடிக்கவில்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஊசியே போடாத மாட்டின் வாலில் இப்படி ரத்தம் பார்த்தால், இரண்டு நாளுக்கு முன் ஒரு பருவம் நம் கண்ணில் படாமல் போய்விட்டது என்று தெரிந்துவிடும். அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு, 17, 18 நாளிலிருந்து காவல் இருந்தால் அடுத்ததைப் பிடித்துவிடலாம்.

ஆனால் சினை உறுதியாகி மாதங்கள் ஆன மாட்டில் ரத்தமோ நாற்றமடிக்கும் நீரோ வந்தால் அது அவசரம். கன்று வீசப் போகிறது, அதாவது மாதம் நிறையாமல் விழப் போகிறது, அல்லது வீசிவிட்டது. ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசும் மாட்டில் புருசெல்லா நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய் இழுத்துப் போக விடாதீர்கள். டாக்டர் வந்து பார்க்கும் வரை மற்ற மாடுகளை அண்டவிட வேண்டாம்.

சினை என்று சொன்ன மாடு தாவுகிறது, கத்துகிறது

சினை மாடுகளில் சில நடுவில் பருவ அறிகுறி காட்டும். மற்ற மாட்டின் மேல் தாவும், கத்தும். அவசரப்பட்டு ஊசி போட்டுவிட்டால் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் போகும் குழாயே கன்றைக் கலைத்துவிடும். இரண்டு விஷயம் பாருங்கள். மற்ற மாடு இதன் மேல் தாவும்போது அசையாமல் நிற்கிறதா? தெளிந்த வழும்பு நீளமாகத் தொங்குகிறதா? இரண்டும் இருந்தால் சினை கலைந்திருக்கலாம். தாவுகிறது, ஆனால் தன் மேல் தாவவிடாமல் நகர்ந்துவிடுகிறது, வழும்பும் இல்லை அல்லது கெட்டியாகக் கொஞ்சம் தெரிகிறது என்றால் சினை நிற்கவே வாய்ப்பு. எதுவானாலும் ஊசிக்கு முன் ஆசனவாய் வழியாகக் கை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட வருகிறவரிடம் "ஏற்கெனவே சினைன்னு சொன்ன மாடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது உங்கள் பொறுப்பு.

பால் குறைந்துவிட்டது

இதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சினையால் பால் குறைவது ஐந்தாம் மாதம் வாக்கில்தான் நன்றாகத் தெரியும். அதற்கு முன் குறைந்தால் தீனி, தண்ணீர், வெயில், மடி நோய் என்று வேறு காரணத்தைத் தேடுங்கள்.

வயிறு பெரிதாகத் தெரிகிறது

இடது பக்கம் பெரிதாக இருந்தால் அது தீனி வயிறு. சினையை வலது பக்கம்தான் தேட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வயிற்றைத் தள்ளிப் பார்க்கும் பழைய முறை நன்றாகவே வேலை செய்யும். காலையில் தீனி வைக்கும் முன் மாட்டின் வலது பக்கம் நின்று, விலாவுக்குப் பின்னால், மடிக்கு முன்னால், அடிவயிற்றில் முஷ்டியை வைத்து உள்ளே மெதுவாக ஒரு தள்ளு தள்ளி அப்படியே கையை அழுத்தி வைத்திருங்கள். கையை எடுத்துவிடக் கூடாது. உள்ளே கெட்டியான ஒன்று விலகிப் போய், மறுபடி வந்து முஷ்டியில் இடிக்கும். அது கன்று. குளிர்ந்த தண்ணீர் குடித்ததும் வலது அடிவயிற்றில் கன்று துள்ளுவது ஏழாம் மாதத்துக்கு மேல் வெளியிலேயே தெரியும். எங்கள் பக்கத்து ஆயாக்கள் காலையில் தொட்டித் தண்ணீரைக் காட்டிவிட்டு வலது பக்கம் நின்று பார்ப்பது இதற்காகத்தான்.

இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் காலி என்று முடிவு கட்டாதீர்கள். கொழுத்த மாட்டிலும், வயிறு நிறையத் தின்ற மாட்டிலும் கைக்கு எட்டாது. அதோடு, ஆறு மாதம் வரை காத்திருந்து தெரிந்துகொள்வதில் பாலுக்கு வைத்திருக்கும் மாட்டுக்கு என்ன லாபம்?

மடி வைக்கிறது

கிடேரிக்கு இது நல்ல அறிகுறி. நான்கு, ஐந்து மாதம் ஆனதும் மடி திரள ஆரம்பிக்கும். காம்பை மெல்ல நீவினால் தேன் பதத்தில் பிசுபிசுப்பான நீர் வரும். அடிக்கடி நீவிப் பார்க்காதீர்கள். காம்பின் வாய் திறந்துகொண்டால் மடி நோய்க்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டது மாதிரி. ஏற்கெனவே ஈன்ற மாட்டுக்கு மடி இறங்குவது கடைசி இரண்டு, மூன்று வாரத்தில்தான். அதற்குள் எல்லாம் தெரிந்துபோயிருக்கும்.

வெள்ளையாக, சீழாக வடிகிறது

ஈன்று இரண்டு வாரம் வரை கர்ப்பப்பை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், அப்போது வரும் கசிவு சகஜம். அதற்குப் பிறகும் வெள்ளையாக, மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தால் உள்ளே நோய் இருக்கிறது. அந்த மாட்டுக்குச் சினை ஊசி போடுவதில் பயன் இல்லை. ஈன்றதும் நஞ்சுக்கொடி விழாமல் நின்று, கையால் பிடித்து இழுத்த மாடுகளில் இது அதிகம் வரும்.

வீட்டுச் சோதனைகள் பற்றி

மருந்துக் கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை வாங்கி மாட்டு மூத்திரத்தில் முக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டை தேடும் ஹார்மோன் மனித நஞ்சுக்கொடியில் சுரப்பது. பசுவின் உடம்பில் அது கிடையாது. சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கோடுதான் வரும்.

கோதுமைச் சோதனை அப்படி ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல. புண்யகோடி சோதனை என்று பெயர், ஆராய்ச்சிக்காரர்களும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டு மூத்திரத்தைப் பதினான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் கொஞ்சம் கோதுமையை நனைத்து வைப்பது. இன்னொரு தட்டில் அதே கோதுமையை வெறும் தண்ணீரில் வைப்பது. ஐந்து நாளில், சினை மாட்டின் மூத்திரத்தில் இருக்கும் கோதுமை சரியாக முளைக்காது என்பது கணக்கு. நம் ஆட்கள் தப்பு செய்வது இரண்டு இடத்தில். மூத்திரத்தைக் கலக்காமல் அப்படியே ஊற்றிவிடுவார்கள். உப்பும் யூரியாவும் நிறைந்த அந்த மூத்திரத்தில் எந்த மாட்டுக்கும் விதை முளைக்காது. இரண்டாவது, தண்ணீர்த் தட்டை வைக்கவே மாட்டார்கள். விதையே மட்டமான விதையா என்று பிறகு எப்படித் தெரியும்? சரியாகவே செய்தாலும் பிசகும். செலவில்லாத வேலை, ஆசைக்குச் செய்து பாருங்கள். அதை நம்பி மாட்டை விற்கவோ, மறு ஊசி போடவோ வேண்டாம்.

டாக்டர் கை போட்டுப் பார்க்கும்போது

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது இங்கேதான். நீளக் கையுறை மாட்டி, சோப்போ எண்ணெயோ தடவி, ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கர்ப்பப்பையைத் தடவிப் பார்ப்பது. கை தேர்ந்த டாக்டர் 40, 45 நாளிலேயே சொல்லிவிடுவார். ஆனால் அந்த வயதில் கரு மிக மென்மை, முரட்டுத்தனமாக அழுத்தினால் கலையும். அதனால் 60 நாளிலிருந்து 90 நாளுக்குள் காட்டுவது மாட்டுக்கும் நல்லது, பதிலும் உறுதி.

டாக்டர்கள் மாதத்தைச் சொல்ல ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள்: இரண்டு மாதத்தில் சுண்டெலி, மூன்று மாதத்தில் எலி, நான்கு மாதத்தில் சின்னப் பூனை. கன்றின் அளவு அந்த வரிசையில்தான் வளரும். அதனால் இரண்டு, மூன்று மாதத்தில் பார்த்தால் வயதைக் கிட்டத்தட்டத் துல்லியமாகச் சொல்லலாம். ஐந்து, ஆறு மாதத்தில் கர்ப்பப்பை பாரம் தாங்காமல் வயிற்றின் அடியில் இறங்கிவிடும், கைக்குக் கன்று எட்டாது. அப்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாயைத் தொட்டுப் பார்ப்பார்கள். சாதாரணமாகத் துடிக்கும் குழாய், சினையில் விடாமல் அதிரும். சினை உறுதி, மாதம் மட்டும் முன்பின் ஆகும். "அஞ்சும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம்" என்று டாக்டர் இழுத்தால் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, மாட்டை இரண்டு மரத்துக்கு நடுவிலோ சுவரோரமாகவோ நெருக்கிக் கட்டி, வாலை ஒருபக்கமாகப் பிடித்துக்கொள்வது. பழகிய ஆள் மாட்டின் முகத்துப் பக்கம் நின்று தாடையைத் தடவிக் கொடுத்தால் முதுகை வளைத்து நெளியாது. தேதியை டாக்டர் கேட்கும் முன்னே சொல்லிவிடுங்கள். "பாருங்க சார், சரியா சொல்றாரான்னு பாப்போம்" என்று தேதியை மறைத்து வைத்துச் சோதிப்பது சிலருக்கு விளையாட்டு. தேதி தெரிந்தால் அவர் தேட வேண்டிய அளவு தெரியும், கையை உள்ளே வைத்திருக்கும் நேரமும் குறையும்.

காலி என்று சொல்லிவிட்டால் அங்கேயே விடாதீர்கள். ஏன் கத்தவில்லை என்று அதே கையோடு சினைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். சுற்று ஓடுகிறதா, தூங்குகிறதா, சீழ் இருக்கிறதா என்று அவருக்கு அப்போதே தெரியும். அடுத்த பருவத்தை வரவழைக்கப் போடும் ஊசி சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துவிடும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் டாக்டர் அந்த ஊசியைப் போடாமல் பத்து, இருபது நாள் தள்ளிக் காட்டச் சொல்வார். அதை அலைக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். குடற்புழு மருந்திலும் இதே கவனம் வேண்டும். ஆல்பெண்டசோல் சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் கூடாது. கடையில் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள்.

ஸ்கேன் கருவி இருந்தால் 28, 30 நாளிலேயே கருவின் இதயத் துடிப்பைப் பார்த்துவிடலாம். தலைவாசல் பக்கம் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விலை உயர்ந்த மாடு, திரும்பத் திரும்பத் தவறும் மாடு என்றால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கொண்டுபோகலாம். ரத்தத்திலோ பாலிலோ சினைப் புரதத்தைத் தேடும் சோதனையும் அதே 28 நாளுக்கு மேல் உண்டு. ஆனால் ஈன்று இரண்டு மாதம் ஆகாத மாட்டில் போன சினையின் மிச்சமே தெரிந்து ஏமாற்றும். ஆரம்பத்தில் சினை என்று வந்தால் 90 நாளில் இன்னொரு முறை கை போட்டுப் பார்த்துவிடுங்கள். நடுவில் கரைந்துபோகும் கருக்களும் உண்டு.

சந்தையில் சினை மாடு என்று வாங்கியது

வீரகனூரோ மேச்சேரியோ, எந்தச் சந்தையிலும் தரகர் சொல்லும் மாதத்தை விலையோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். வலது அடிவயிற்றைத் தள்ளிப் பார்க்கலாம், அது ஆறு மாதத்துக்கு மேல்தான் பேசும். "மூணு மாசம்" என்று சொல்லும் மாட்டை வெளியிலிருந்து யாரும் உறுதி செய்ய முடியாது. வாங்கிய வாரத்திலேயே காட்டிவிடுங்கள். மூன்று மாதம் என்று வாங்கியதை நான்கு மாதம் கழித்துக் காட்டினால், பொய் தரகருடையதா, வழியில் கலைந்துபோனதா என்று வழக்கு தீராது.

ஏற்காட்டு மேய்ச்சல் மாடு: எப்போது சேர்ந்தது என்றே தெரியாது

மலையில் காபித் தோட்டத்துக்குள் பகலெல்லாம் மேயும் மாடு எந்தக் காளையோடு எப்போது சேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே 21 நாள் கணக்கு உதவாது. ஈன்ற தேதி ஒன்றுதான் தெரியும். ஈன்று மூன்று மாதம் ஆனதும் ஒருமுறை, அதில் காலி என்றால் மறுபடி இரண்டு மாதம் கழித்து ஒருமுறை என்று பரிசோதனைக்குக் காட்டுவதே வழி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி டாக்டர் ஒரு மாட்டுக்காக வருவது கஷ்டம். ஊரில் நான்கைந்து வீட்டு மாடுகளைச் சேர்த்து ஒரே நாளில் காட்ட ஏற்பாடு செய்தால் எல்லோருக்கும் நல்லது. மேய்ப்பவர் கண்ணில் காளை தாவுவது பட்டால் அன்றைய தேதியை வீட்டில் சொல்லச் சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி. அவசரத்துக்கு 1962க்குப் போன் போட்டு, நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள்.

கிடேரி பருவத்துக்கே வரவில்லை

கலப்பினக் கிடேரி ஒன்றே கால், ஒன்றரை வயதில், 230, 250 கிலோ எடை வந்ததும் பருவத்துக்கு வர வேண்டும். வயதைவிட எடைதான் கணக்கு. மெலிந்த கிடேரிக்கு ஊசியைப் பற்றி யோசிக்கும் முன் தீனியைப் பாருங்கள். உடம்பு நன்றாக இருந்தும் வரவில்லை என்றால், காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று விசாரியுங்கள். அப்படிப் பிறந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடு. வயிற்றுக்குள்ளேயே காளைக் கன்றின் ரத்தம் கலந்து சினை உறுப்புகள் சரியாக வளர்ந்திருக்காது. வளர்க்கும் முன்பே டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்ளலாம்.

நாள் தாண்டியும் ஈனவில்லை

சினைக்காலம் கலப்பினப் பசுவுக்கு சுமார் 280 நாள். ஊசி போட்ட தேதியோடு ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டினால் வந்துவிடும். ஜூன் 10இல் ஊசி போட்டால் மார்ச் 17. நாட்டு மாடுகள் இன்னும் சில நாள் கூட எடுக்கும், எருமைக்கு 310 நாள். இந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகப் பாலை வற்ற விட வேண்டும், அதற்காகவே தேதி முக்கியம்.

குறித்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆனாலும், மடி இறங்கி, வால் அடியில் இருபக்கமும் குழி விழுந்து தளர்ந்திருந்தால் பொறுக்கலாம். பத்து நாளுக்கு மேல் தாண்டியும் மடியே வைக்கவில்லை என்றால் மூன்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கும். கடைசி ஊசியில் பிடிக்காமல் அதற்குப் பிறகு காளையிடம் சேர்ந்திருக்கும், தேதி தப்பு. அல்லது நடுவில் கன்று வீசி யாரும் பார்க்காமல் போயிருக்கும். அல்லது கன்று உள்ளேயே செத்துக் காய்ந்து கட்டையாகி நிற்கும். அப்படிக் காய்ந்த கன்றுள்ள மாடு கத்தாது, ஈனாது, தின்பதிலும் குறை இருக்காது, சினை மாடு போலவே நிற்கும். டாக்டர் கை போட்டால் நீர் இல்லாமல் கெட்டியாக ஒரு கட்டி கையில் தட்டுப்படும். மருந்து ஊசி போட்டு வெளியேற்ற முடியும். அதற்குப் பிறகு கர்ப்பப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான், அந்த மாட்டை மறுபடி சினைக்கு விடுவதா என்று அவர் சொல்வார்.